உடம்பைப் பார்த்துக்கொள்ளுதல்: ஆறேழு பேர் கூடி மெதுவாக அசைந்து பழக ஒரு முழுமையான வழிகாட்டி

"உடம்பைப் பார்த்துக்கொள்" என்று நாங்கள் எப்போதும் மற்றவர்களுக்குத்தான் சொல்லுவோம். கனடாவில் இருக்கும் மகனுக்கு, ஊருக்குப் பஸ் ஏறும் அம்மாவுக்கு, போனை வைக்கும் முன் யாருக்கும். அதே சொல்லைத் தனக்குத் தானே சொல்லிப் பழகும் முறை இது. வாரத்தில் ஒரு நாள், ஒரு வீட்டு ஹோல், 4 முதல் 7 பேர், 75 நிமிடம். முதலில் மெதுவாக அசைவோம். பிறகு கொஞ்சம் கதைப்போம்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் பெண்கள் சிலர் கூடி இதைச் சில வருடங்களாகச் செய்கிறோம். புதிதாகத் தொடங்கிய வேறு மூன்று வீடுகளுக்கும் போய் இருந்து பார்த்திருக்கிறேன். தடுமாறிய இடம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: உடம்பு அடங்கும் முன்னரே வாயைத் திறக்கச் சொல்லிவிடுகிறார்கள். "உங்களை நீங்கள் நேசிக்கிறீர்களா?" என்று கேட்டுத் தொடங்கினால் எங்கள் ஆட்கள் கதிரையில் ஒடுங்கிப்போவார்கள். தன்னலம் என்றால் எங்களுக்கு அது வசவு. தன்னிரக்கம் என்றால் புலம்பல். தன்மேல் வைக்கும் அன்பைச் சொல்ல வாயில் பழகிய சொல்லே இல்லை. ஆனால் வலிக்கிற தோளைத் தடவிவிட எல்லோருக்கும் தெரியும். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறோம்.

கீழே உள்ள ஒழுங்கை முதல் இரண்டு மாதமாவது மாற்றாமல் செய்யுங்கள்.

1. ஆட்களைச் சேர்த்தல்

4 பேருக்குக் குறைவாகச் சேர்த்தால் இருவர் வராத நாளில் வட்டமே இருக்காது. 7 பேருக்கு மேல் போனால் பகிர்வு நீண்டுவிடும். ஒருவருக்கு 3 நிமிடம் என்றாலும் 7 பேருக்கு 21 நிமிடம். அதற்கு மேல் ஒருவரால் உண்மையாகக் காது கொடுக்க ஏலாது.

ஒரே வீட்டிலிருந்து இருவரைச் சேர்க்காதீர்கள். மாமியும் மருமகளும் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும் ஒருவர் முன்னால் மற்றவர் வாய் கட்டிப்போகும். விரும்பினால் அவர்கள் வேறு வேறு வட்டங்களில் சேரட்டும்.

வட்ஸ்அப்பில் பொது அழைப்புப் போடுவது புதியவர்கள் விடுகிற முதல் பிழை. 20 பேர் கும்பிடு போடுவார்கள், வருவது 3 பேர். அந்த மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "எட்டுக் கிழமைக்கு வருவீங்களா?" என்று கேளுங்கள். எட்டு வாரம் என்று எண்ணிக்கை சொன்னால் ஆட்கள் யோசித்துப் பதில் சொல்வார்கள்.

2. ஒரு கிழமைக்கு முன் தனித்தனியாகக் கேட்க வேண்டியவை

வட்டத்தில் வைத்து "யாருக்கும் வருத்தம் ஏதும் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். எங்கள் முதல் மாதத்தில் ஒரு அக்கா அப்படித்தான் சொன்னார். முழங்காலில் ஒப்பரேசன் செய்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது என்பது, பாயிலிருந்து எழும்ப முடியாமல் அவர் கையூன்றித் தவித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து போனில், ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கிறேன்.

பிரஷருக்குக் குளிசை எடுப்பவர் திடீரென எழும்பினால் தலை சுற்றலாம். அவர்களுக்கு எழும்பும் முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர் வெறும் வயிற்றோடு வரக்கூடாது. எவ்வளவு சாப்பிட்டுவிட்டு அசையலாம் என்று தன் டொக்டரிடம் கேட்டு வரட்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவரானால் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், அடி வழுக்காத மென்மையான சப்பாத்து போடட்டும். கண்ணில் அமுக்கம் கூடியவர் தலையைக் கீழே தொங்கவிடக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர், ஐந்தாம் மாதம் தாண்டியிருந்தால், மல்லாந்து படுக்காமல் இடப் பக்கம் சரிந்து படுக்க வேண்டும். புதிதாக வந்த நோவு எதுவும் இருந்தால் முதலில் டொக்டர், பிறகு வட்டம்.

கடைசிக் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "கண் மூடுறது, லைட்டை அணைக்கிறது, பக்கத்தில ஆள் தொடுறது, இதில எது உங்களுக்குச் சரிவராது?" "ஏதாவது சரிவராதா?" என்று கேட்டால் மறுப்பது சுலபம். "எது?" என்று கேட்டால் இருப்பதைச் சொல்வது சுலபம். 83 ஆடிக் கலவரத்தையும் அதற்குப் பிறகு வந்த யுத்த வருடங்களையும் உடம்பில் சுமக்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய. இருட்டும் அமைதியும் எல்லோருக்கும் ஆறுதல் தருவதில்லை. காரணத்தை மட்டும் கேட்காதீர்கள்.

3. இடம், நேரம், சாமான்

12 அடிக்கு 14 அடி ஹோல் என்றால், சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு 6 பேர் படுக்கலாம். மொட்டை மாடி ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பின்னேரத்தில் கொங்கிறீட் சூடு காலைச் சுடும், மே முதல் செப்டெம்பர் வரை காற்றும் மழையும் நிச்சயமில்லை, ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு இடி. வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

விகாரமகாதேவிப் பூங்காவும் சுதந்திர சதுக்கமும் மெதுநடைக்கு நல்ல இடங்கள். ஆனால் முதல் இரண்டு மாதம் அங்கே போக வேண்டாம். வேகமாக நடக்கிறவர்களுக்கு நடுவில் ஆமை மாதிரி நடக்கப் புதியவருக்கு வெட்கம் வரும். வெட்கம் வந்தால் கவனம் முழுக்கப் பார்ப்பவர்மேல் போய்விடும். காலிமுகத்திடலில் காற்று பேச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும், பகிர்வுக்கு ஒத்துவராது.

ஞாயிறு காலை 6.30 எங்களுக்குப் பொருந்துகிறது. பிள்ளைகளின் ரியூசன் அதற்குப் பிறகுதான், வெயிலும் புழுக்கமும் ஏறியிருக்காது. வெள்ளிக்கிழமை வேண்டாம். கோயில், மரக்கறிச் சமையல் என்று மனம் வேறு இடத்தில் இருக்கும். போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தாலும் நாளை மாற்றாதீர்கள். ஒரு தடவை மாற்றினால் அடுத்த தடவை யாருக்கும் நாள் ஞாபகம் இருக்காது.

கதிரை ஆளுக்கு ஒன்று. சாப்பாட்டு மேசையின் மரக் கதிரை நல்லது. பிளாஸ்ரிக் கதிரையின் கால்கள் டைல்ஸில் விரியும், வழுக்கும். எல்லாக் கதிரைகளின் முதுகும் சுவரில் முட்டி இருக்கட்டும். பன்பாய் படுக்க மட்டும்தான். அதன்மேல் நின்றால் பாயும் ஆளும் சேர்ந்து சறுக்கும். துவாய் ஆளுக்கு இரண்டு: ஒன்று கழுத்துக்குக் கீழே, மற்றது பக்கத்தில். அது எதற்கென்று பிறகு சொல்கிறேன். நைட்டி கால் தடக்கும், பஞ்சாபி என்றால் சால்வையைக் கழற்றி வைக்க வேண்டும்.

போன்களை ஒரு கூடையில் போட்டுக் குசினியில் வையுங்கள். ஆனால் வீட்டுக்காரரின் போன் ஒன்று மட்டும் சத்தத்தோடு இருக்கட்டும், அந்த இலக்கத்தை எல்லோரும் தங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வரட்டும். பிள்ளை தேடினால் யாராலும் தன்னை எட்ட முடியாது என்ற நினைப்போடு ஒரு தாய் கண் மூடமாட்டாள்.

4. மூன்று வாக்கியங்கள்

ஒவ்வொரு கிழமையும், அதே ஆட்கள் வந்தாலும், தொடங்கும்போது இதைச் சொல்லுங்கள்: "இங்க கேட்டது இந்தக் கதவோட நிற்கும். ஒருத்தருக்கு ஒருத்தர் புத்தி சொல்ல மாட்டம். எதையும் செய்யாமல் விடலாம்."

முதல் வாக்கியத்துக்கு விளக்கம் தேவை. கொழும்புத் தமிழரில் யாரும் யாருக்கோ சொந்தம், இல்லாவிட்டால் ஒரே பள்ளிக்கூடம், அதுவும் இல்லாவிட்டால் ஊரில் பக்கத்து ஒழுங்கை. வெளியே சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் விளங்கும். சொன்னவரிடமே வெளியில் வைத்துக் கேட்கவும் கூடாது என்பதுதான் விளங்காது. ஒரு நாள் கோயில் வாசலில், செருப்புக் கழற்றும் இடத்தில், "இப்ப எப்படி, அந்தப் பிரச்சினை?" என்று ஒருவர் மற்றவரிடம் அன்பாகக் கேட்டார். பக்கத்தில் நின்ற நாத்தனார் திரும்பிப் பார்த்தார். கேட்கப்பட்டவர் அடுத்த மூன்று கிழமை வரவில்லை.

மூன்றாவது வாக்கியம் வாயால் சொன்னால் மட்டும் போதாது. நடத்துபவர் முதல் நாளிலேயே ஏதாவது ஓர் அசைவைச் செய்யாமல், "எனக்கு இது இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்லிக் கதிரையில் இருந்து காட்ட வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்களும் நம்புவார்கள்.

5. வந்து சேருதல் (10 நிமிடம்)

எல்லோரும் கதிரையில், பாதம் நிலத்தில் படும்படி. கால் எட்டாதவருக்குக் கீழே ஒரு தலையணை.

"கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்" என்று தொடங்காதீர்கள். புதியவர் மூச்சைக் கவனிப்பதாக நினைத்து அதைப் பிடித்து இழுக்கத் தொடங்குவார், நெஞ்சு இறுகும். காதிலிருந்து தொடங்குங்கள்: கேட்கிற மூன்று சத்தங்களை மனதுக்குள் எண்ணட்டும். எங்களுக்குக் காகம், யாரோ வீட்டுக் குக்கர், பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டு. கடற்கரை ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும். ஆரம்பத்தில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது, கதையை நிறுத்த வேண்டுமே என்று. இப்போது ரயில் வந்தால் எந்த இடத்தில் இருந்தாலும் எல்லோரும் அசையாமல் நிற்போம், சத்தம் தேயும் வரை. நடத்துபவர் மணி அடிக்கத் தேவையில்லை.

பிறகு பாதம். குதிக்காலை அழுத்தி விடுங்கள், விரல்களை அழுத்தி விடுங்கள். அதற்குப் பிறகுதான் மூச்சு: நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, ஐந்து தடவை. வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுத் தணியும், அதற்காகத்தான் ஆறு. இடையில் மூச்சைப் பிடித்து வைக்க வேண்டாம். தலை லேசாகினால் வழமையான மூச்சுக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

6. அசைவு (30 நிமிடம்)

ஒரே ஒரு சட்டம்: பாதி தூரம். கை எவ்வளவு உயரும் என்று உங்களுக்குத் தெரியுமோ, அதில் பாதி. எல்லைக்குக் கிட்டப் போனால் உடம்பு தன்னைக் காக்க இறுகும், பல்லைக் கடிக்கும். அந்த நேரத்தில் நோவைத் தவிர வேறொன்றும் தெரியாது. பாதியில் நின்றால் தசை இழுபடுவது, தளர்வது, சூடாவது எல்லாம் தெரியும். எல்லோரும் பாதியே போவதால் யார் கெட்டிக்காரர் என்ற கணக்கும் இல்லை. இதில் அதிகம் கஷ்டப்படுகிறவர்கள் ஏற்கெனவே யோகா வகுப்புக்குப் போய்ப் பழகியவர்கள்தான். அவர்களோடு பொறுமையாக இருங்கள்.

ஒழுங்கு: இருந்து, பிறகு நின்று, பிறகு நடந்து, கடைசியில் படுத்து. முதலிலேயே படுக்க விட்டால் ஞாயிறு காலையில் பாதிப் பேர் நித்திரை.

இருந்தபடி: காதைத் தோள் பக்கமாகச் சரியுங்கள், வலம், இடம், மும்மூன்று தடவை. கழுத்தை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம், பின்பக்கம் மடிவது வயதானவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. தோள்களை உள்மூச்சோடு காது வரை உயர்த்தி, வெளிமூச்சில் ஆறு எண்ணிக் கீழே இறக்குங்கள். இறங்கும் வேகம்தான் முக்கியம். பொத்தென்று போட்டால் ஒன்றும் தெரியாது. கந்தோர்ப் பை கொழுவும் தோள் மற்றத் தோளைவிடப் பிந்தி இறங்குவதைப் பலர் அன்றைக்குத்தான் முதல் தடவை கவனிப்பார்கள். நாரிக்கு (கீழ்முதுகுக்கு): கதிரை நுனியில் இருந்து, இடுப்பை முன்னே ஒரு விரல் அளவு, பின்னே ஒரு விரல் அளவு உருட்டினால் போதும்.

அடுத்தது கைகள். இதற்கு ஐந்து நிமிடம் தாராளமாகக் கொடுங்கள். ஒரு கையின் பெருவிரலால் மற்றக் கையின் உள்ளங்கையை, பிறகு விரல் விரலாக, நகம் வரை தடவுவது. அவ்வளவுதான். எங்கள் வட்டத்தில் ஒரு அன்ரி சுட்டுவிரலின் பக்கத்தில் நின்றுவிட்டார். தேங்காய் திருவும் திருவலையில் வெட்டுப்பட்ட பழைய தழும்பு, ஒரு அரிசி அளவு. மற்றவர்கள் அடுத்த கைக்குப் போன பிறகும் அவர் அந்தத் தழும்பையே தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, பெருவிரல் மட்டும் போய்ப் போய் வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். இந்த இடத்தில் நடத்துபவர் கேள்வி கேட்டால், கவனம் கையை விட்டுவிட்டு வார்த்தை தேடப் போய்விடும்.

நின்றபடி: கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைப் பூட்டாமல், பாரத்தை வலக்காலுக்கும் இடக்காலுக்கும் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை. இது சும்மா ஆட்டம் இல்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விழுகிற பயத்தைக் குறைக்கத் தொடங்குகிற இடம் இதுதான்.

நடந்து: இங்குள்ள விகாரைகளில் சக்மன் மளுவ என்று மணல் பரப்பிய நடைபாதை இருக்கும், தியான நடைக்கென்றே. எங்களுக்கு ஹோலின் நீளம் போதும். குதிக்கால், அடிப்பாதம், விரல் என்று வைத்து, பத்து அடி போய், நின்று, திரும்புதல். புதியவர்கள் மெது என்றவுடன் அளவுக்கு மிஞ்சி மெதுவாகப் போய்த் தள்ளாடுவார்கள். ஓர் அடிக்கு மூன்று நொடி போதும். வயதானவர் சுவர் ஓரமாக நடக்கட்டும். பார்வை பாதத்தில் வேண்டாம், ஆறடி முன்னால் நிலத்தில்.

படுத்து: கீழ்க்கால்களைக் கதிரையின் இருக்கையில் போட்டு, முழங்கால் மடிந்திருக்க, முதுகு பாயில். நாரி நோ உள்ளவர்கள் பெரும்பாலும் இதில் ஆறுதல் கண்டிருக்கிறார்கள். எட்டு நிமிடம். ஃபேன் நேரே மேலே சுழலாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வியர்வையோடு படுப்பவருக்குக் கூதலடிக்கும். எழும்பும்போது: பக்கவாட்டில் திரும்பி மூன்று மூச்சு, இருந்து மூன்று மூச்சு, கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்றல். பிரஷர்க் குளிசை எடுப்பவரின் பக்கத்தில் நடத்துபவர் நிற்க வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். இடையிடையே "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். தமிழரிடம் அப்படிக் கேட்டால் "ஓம், நல்லம்" என்றுதான் பதில் வரும், எலும்பு முறிந்திருந்தாலும். "இப்ப எங்க தெரியுது?" என்று கேளுங்கள். பதிலை வாயால் சொல்ல வேண்டியதில்லை, அந்த இடத்தில் கை வைத்தால் போதும்.

7. கை வைத்து ஒரு சொல் (5 நிமிடம்)

அன்று ஆகப் பாரமாகத் தெரிந்த இடத்தில் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். முழங்கால், வயிறு, நெஞ்சு, எதுவானாலும். பிறகு இரண்டு கட்டம்.

முதலாவது, அந்த இடத்தைப் பற்றி வழமையாக என்ன சொல்லுவீர்கள் என்று மனதுக்குள் கேட்பது. "மூதேவிக் கால்" என்று தன் முழங்காலை நாள் முழுக்கத் திட்டுவது ஒருவருக்கு அப்போதுதான் காதில் விழும். இந்தக் கட்டத்தை விட்டுவிட்டு நேராக நல்ல வார்த்தைக்குப் போனால் அது ஒட்டாது. திட்டு கீழே அப்படியே இருக்கும்.

இரண்டாவது, விழுந்து முழங்கால் உரஞ்சிக்கொண்டு வந்த ஒரு சின்னப் பிள்ளைக்கு என்ன சொல்லுவீர்களோ, அதை அந்த இடத்துக்குச் சொல்வது. சத்தமில்லாமல். "நன்றி சொல்லுங்கள்" என்று கட்டாயப்படுத்த வேண்டாம். வருடக்கணக்காக நோகிற நாரிக்கு எல்லோராலும் நன்றி சொல்ல ஏலாது, "சரி சரி" என்று சொல்ல ஏலும்.

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003ல் தன்மேலான பரிவை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: தன்னிடம் கனிவு, "எனக்கு மட்டும் இல்லை" என்ற உணர்வு, உள்ளதை உள்ளபடி கவனித்தல். அசைவில் கவனிப்புப் பழகுகிறது, கை வைப்பதில் கனிவு. "எனக்கு மட்டும் இல்லை" என்பது தனியாக இருந்து வராது, அதற்கு மற்றவர்கள் வாய் திறக்க வேண்டும். பகிர்வு கடைசியில் வருவதற்குக் காரணம் இதுதான்.

சிலருக்கு இங்கே கண்ணீர் வரும். ஓடிப்போய்த் துடைக்கக் கொடுக்காதீர்கள். ஆளுக்கு இரண்டாவது துவாய் வைத்தது இதற்குத்தான். கொடுக்க ஓர் ஆள் எழும்பினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அழுதவர் "ஒண்டுமில்லை" என்று நிறுத்திவிடுவார்.

8. பகிர்வு (25 நிமிடம்)

எல்லோரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒருவருக்கு முழங்கால் மடக்க முடியாது என்றால் எல்லோருமே கதிரையில். மேலே ஒருவர், கீழே ஐவர் என்றால் மேலே இருப்பவர் ரீச்சர் ஆகிவிடுவார்.

நாங்கள் ஒரு தேசிக்காயை வைத்துக்கொள்கிறோம். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கதைப்பார். உருட்டிக்கொண்டிருக்கக் கைக்கு ஒரு வேலை, மூக்குக்கு ஒரு வாசம், பதற்றம் குறையும்.

முதல் சுற்று, உடம்பு மட்டும், ஒரு வாக்கியம். "என்ர வலது தோள் ஈரச் சாக்கு மாதிரிக் கிடக்குது." அவ்வளவோடு தேசிக்காய் அடுத்தவருக்கு. வீட்டுக் கதை, ஆட்களின் பெயர் வேண்டாம். இந்தச் சுற்றைத் தவிர்த்தால் இரண்டாவது சுற்று நேரே மாமியார் பற்றிய முறைப்பாடாகிவிடும். முறைப்பாடு கூடாது என்றில்லை, ஆனால் அதில் மாமியார்தான் இருப்பார், சொல்கிறவர் இருக்கமாட்டார்.

இரண்டாவது சுற்று, ஆளுக்கு 3 நிமிடம் வரை. அந்தக் கிழமையில் உடம்பு எப்போது இறுகியது, எப்போது இளகியது. சொல்ல விருப்பமில்லாதவர் தேசிக்காயை மணந்துவிட்டுக் கொடுக்கலாம். வயதில் மூத்தவரை முதலில் கேட்காதீர்கள். அவர் "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றால் அவருக்குக் கீழே உள்ள யாராலும் குறை சொல்ல ஏலாது. நடத்துபவரே சின்ன விசயம் ஒன்றோடு தொடங்கட்டும். பெரிய துக்கத்தோடு தொடங்கினால் எல்லோரும் தங்கள் துக்கங்களில் பெரியதைத் தேடுவார்கள்.

ஆளையாள் எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு வீட்டில் பெரிய யோசனை. எல்லோரும் சமம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடப் பார்த்து, இளையவர்கள் இரண்டு கிழமை எவரையும் கூப்பிடாமலே சமாளித்தார்கள். அக்கா, அன்ரி என்பதை விட்டுவிடத் தேவையில்லை. வரிசையை மட்டும் மாற்றினால் போதும்.

பதில்: "கேட்டன்." இந்த ஒரு சொல் மட்டும், எல்லோரும் சேர்ந்து. முதலில் செயற்கையாகத் தெரியும், மூன்றாம் கிழமையில் பழகிவிடும். புத்தி சொல்வதை நிறுத்துவதுதான் எங்கள் ஆட்களுக்கு ஆகக் கடினம். "நல்லெண்ணெய் பூசுங்கோ", "அந்த டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்பது எங்களிடையே அன்பின் பாஷை. அதை அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் புத்தி வந்த நிமிடமே சொன்னவர் நன்றி சொல்லி, தலையாட்டி, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவார். எண்ணெயும் டொக்டரும் தேத்தண்ணி நேரத்தில், கேட்டால் மட்டும். "அதாவது பரவாயில்லை, எனக்கெண்டால்..." என்று யாராவது தொடங்கினால், "தேசிக்காய் அங்க இருக்கு" என்று மெல்லச் சொல்லுங்கள். கோபிக்கமாட்டார்கள்.

சில வேளை மரணம் வரும், யுத்தம் வரும், காணாமற்போனவர் வருவார். அந்த 3 நிமிடத்தைக் கொடுங்கள், "கேட்டன்" சொல்லுங்கள், பிறகு தேத்தண்ணி நேரம் அவர் பக்கத்தில் போய் இருங்கள். தோண்டாதீர்கள். நீங்களும் நானும் சிகிச்சை தருபவர்கள் இல்லை.

உயிர் வாழ விருப்பமில்லை என்ற பொருளில் ஒருவர் எதுவும் சொன்னால் அது வட்டத்தில் தீர்க்கும் விசயம் அல்ல. வேறு அறைக்குக் கூட்டிப்போய், நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்குக் கூட இருந்து அழையுங்கள்.

9. கும்மி (5 நிமிடம்)

பகிர்ந்த உடனே ஆட்களை வீட்டுக்கு அனுப்பினால் மற்றவரின் பாரத்தையும் சேர்த்துக் கொண்டு படியிறங்குவார்கள். அதற்கு முன் ஒரே தாளத்தில் உடம்பு சேர வேண்டும். பல வழிகள் பார்த்தேன், கடைசியில் நின்றது கும்மி. பள்ளிக்கூடத்தில் ஆடியதாக யாராவது ஒருவருக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். பாட்டு வராவிட்டால் "தன்னானே" போதும். இரண்டு தட்டு, வலப்பக்கம் ஓர் அடி, குனிந்து நிமிர்வது வேண்டாம். முழங்கால் நோ உள்ளவர் இருந்தபடி தட்டட்டும். காலை நேரம், கீழ்வீட்டில் ஆட்கள் படுத்திருப்பார்கள், ஆகவே வெறுங்கால் (பாதத்தில் உணர்வு குறைந்தவர் மட்டும் மென்மையான சப்பாத்தோடு), கை விரல்களால் மட்டும் தட்டுங்கள்.

10. தேத்தண்ணியும் மற்ற ஆறு நாளும்

பிளேன்டீ, அந்தத் தேசிக்காயைப் பிழிந்து. பிஸ்கட். வேறெதுவும் கொண்டுவர விடாதீர்கள். ஒருவர் வடை கொண்டுவந்தால் அடுத்த கிழமை ரோல்ஸ் வரும், ஒரு மாதத்தில் இளைப்பாற வந்த பெண்கள் விடிய 4 மணிக்கு எழும்பிச் சமைப்பார்கள்.

வீட்டில் செய்ய மூன்று நிமிடம் போதும். புதிதாக நேரம் ஒதுக்கச் சொன்னால் நடக்காது. ஏற்கெனவே காத்திருக்கும் நேரத்தில் கொழுவிவிடுங்கள்: கேத்தில் கொதிக்கும் வரை, லிஃப்ட் வரும் வரை, காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது. தோளை உயர்த்தி, ஆறு எண்ணி இறக்குவது. செய்த நாட்களைக் கணக்கு வைக்க வேண்டாம். தவறிய நாள் குற்றப் பத்திரிகையாகிவிடும். இன்னொன்று, இந்த அசைவு நடைப்பயிற்சிக்கு மாற்று அல்ல. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு தனி. மரைன் டிரைவில் நடப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

11. ஆள் குறையும் கிழமைகள்

மூன்றாம், நான்காம் கிழமையில் ஆள் குறையும். புதுமை போயிருக்கும், பலன் இன்னும் தெரிந்திருக்காது. "ஏன் வரேல்லை?" என்று செய்தி அனுப்பாதீர்கள், வராததற்கு ஒரு காரணம் தேட வேண்டி வரும். "அடுத்த ஞாயிறும் இருக்கு அக்கா" என்று மட்டும் அனுப்புங்கள்.

ஆள் போதாது என்று வட்டத்தை ஒருபோதும் ரத்து செய்யாதீர்கள். ஒக்டோபர் மழையில் ஒரு ஞாயிறு, 6.40க்கு ஒரேயொருவர் வந்தார், ஓட்டோ கிடைக்காமல் பாதி தூரம் நடந்து, குடை மடங்கி. வாசலில் நின்று, "நான் மட்டுமோ? அப்ப நான் போறன்" என்றார். துவாயைக் கொடுத்து உள்ளே கூப்பிட்டேன். மூன்று வாக்கியமும் சொன்னேன். மழைச் சத்தத்துக்குள் வேறு இரண்டு சத்தம் தேடினோம். தேசிக்காய் எங்கள் இருவருக்கும் நடுவில் போய் வந்தது, அன்றைக்கு அவருக்கு 3 நிமிடம் போதவில்லை, நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கும்மிக்கு மட்டும் ஒரு சின்ன மாற்றம் தேவைப்பட்டது: இரண்டு பேர் என்றால் வட்டம் வராது, ஆகவே எதிரெதிரே நின்று, ஒரு தட்டுத் தன் கையில், அடுத்த தட்டு மற்றவர் கையில்.